வலப்பக்கத்துப் பிள்ளை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு டபுள்செக் அக்கா என்று பேர். மருந்துச் சீட்டை ரெண்டு தரம் படிப்பாள், ஊசிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூணு தரம் பார்ப்பாள். வேலை முடிந்து பஸ் நிறுத்தம் வரை போனவள் திரும்பி வந்து, ஆக்சிஜன் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன கதையும் உண்டு. குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் பார்க்காமல் செய்தாள். மனுஷியைப் படுத்தி எடுக்க அந்த ஒன்று போதாதா?

சமாச்சாரம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு டீச்சருக்கு ரெட்டைப் பெண் பிள்ளைகள் நாள் நிரம்பாமல் பிறந்தன. மூன்றாம் நாள் காலை ஒரு சூட்டுப் பெட்டி பழுதாகிப் போக, ரெண்டையும் ஒரே பெட்டியில் படுக்க வைத்தார்கள். மூத்தது வலப்பக்கம், இளையது இடப்பக்கம். புருவம் வரை குல்லா, கழுத்து வரை பஞ்சு. பெற்றவளே வந்து நின்றாலும் எது எதென்று சொல்லியிருக்க முடியாது. காலில் அடையாளப் பட்டை இருந்தது, ஆனால் காலும் பஞ்சுக்குள்ளேதான் இருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். ரெண்டும் மோசம், மூத்தது தாங்காது என்றார். தையல் போட்டு மேல்மாடியில் படுத்திருந்த டீச்சர், அண்ணியிடம் சொல்லி அனுப்பினாள்: போதகர் வந்து சேர நேரமாகும், மூத்தவளுக்கு சிஸ்டரே ஞானஸ்நானம் கொடுத்துவிடட்டும். உயிருக்குப் போராடும் பிள்ளைக்கு அவசரத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது அவர்கள் சபையின் வழக்கம், அக்காவும் அதே சபைதான். ரெண்டு பேருக்குமே கொடுத்துவிடவா என்று கேட்டனுப்பினாள். வேண்டவே வேண்டாம், சின்னவளுக்கு சர்ச்சில் வைத்துத்தான், ரெண்டு பேருக்கும் கொடுத்தால் ரெண்டு பேரையும் கைகழுவின மாதிரி ஆகிவிடும் என்று பதில் வந்தது.

அக்கா ஊசிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்தாள். வலப்பக்கத்துப் பிள்ளையின் குல்லாவை ஒதுக்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் சொட்டு விட்டாள். பட்டையைப் பார்க்கவில்லை. பஞ்சைப் பிரித்தால் சூடு போய்விடுமே என்று நினைத்தாள். பன்னிரண்டு மணிக்கு மூத்தது போய்விட்டது. ஒயர்களைக் கழற்றப் பஞ்சைப் பிரித்தபோதுதான் அவள் பட்டையைப் பார்த்தாள். மூத்தவள் பட்டை போட்ட பிள்ளை இடப்பக்கம் கிடந்தது.

கூட வேலை பார்க்கிறவளைப் பிடித்துக் கேட்டாள். ஆமாம், விரிப்பு நனைந்திருந்தது, ரெண்டையும் தூக்கி மாற்றிப் போட்டேன், இடம் மாறியிருக்கும் என்றாள் அவள். எப்போது? பத்துக்கு முன்னாலேயா பின்னாலேயா? ஞாபகமில்லை என்றாள். ரெண்டு தரம் மாற்றினேனோ என்னவோ என்று வேறு சொல்லி வைத்தாள், புண்ணியவதி. அதற்கு மேல் அவளைக் கேட்டும் பிரயோஜனமில்லை.

மேல்மாடியில் டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீங்க இருந்தீங்க, அவ சும்மா போகல, ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தான் போனா என்று அழுதபோது அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்குச் சொல்லாதது பிறகு சொல்லவே முடியாததாகிவிட்டது. நாலு மாதமாக அவள் ஜெபமெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, நான் ஊற்றினது செத்துப்போன பிள்ளைக்காக இருக்கட்டும். கேட்டு முடித்ததும் குழம்புவாள். அது எப்போதோ நடந்து முடிந்தது. இப்போது கேட்டால் அப்போது மாறுமா? அதுவுமில்லாமல், உயிரோடிருக்கிற பிள்ளைக்குக் கிடைக்காமல் போயிருக்கட்டும் என்றல்லவா வேண்டுகிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வரும்.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்கு ஞானஸ்நானம், நீங்கதான் ஞானத்தாய், பிள்ளையைக் கையில வாங்கி நிக்கணும் என்று டீச்சர் வீடு தேடி வந்து அழைத்துவிட்டாள். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு தரம்தானே, சின்னவள் ஏற்கெனவே வாங்கியிருந்தால்? அக்கா சனிக்கிழமை மத்தியானம் போதகரிடம் ஓடினாள். அவர் சர்ச்சில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்த முகமாக, கடவுள் என்ன ஆபீஸ் கிளார்க்கா, பேர் பார்த்துத்தான் உள்ளே விடுவாரா என்றார்.

"அப்போ நாம எதுக்குங்கய்யா தண்ணி ஊத்துறோம்?" என்றாள் அக்கா.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துக்க வீடுகளில் எத்தனையோ தரம் சொன்ன வார்த்தைதான், இன்றைக்கு என்னவோ பாதியில் நிற்கிறது என்று ஒத்துக்கொண்டார். பிறகு ஜெபப் புத்தகத்தைப் புரட்டிச் சந்தேகக் கேசுக்கென்றே ஒரு வாசகம் இருப்பதைக் காட்டினார். "நீ இதற்கு முன் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று முதலில் சேர்த்துக்கொண்டால் போதுமாம், ரெண்டாம் தரம் கொடுத்த குற்றம் வராதாம். தாய்க்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த யோசனை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போனதுக்கு என்ன வழி, நடந்து முடிந்ததற்கு ஜெபம் பண்ணலாமா என்று கேட்டாள். தெரியலம்மா என்றார் அவர். அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் முதல் முறையாகக் கேட்டாள்.

அங்கிருந்து நேரே டீச்சர் வீடு. டீச்சர் வெள்ளை கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா உட்காரவில்லை. நின்றபடியே விரிப்பு, பட்டை, வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். டீச்சர் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். நெடுநேரம் கவுனின் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"நாலு மாசமா அந்த ஒண்ணை வெச்சுத்தான் எழுந்து நடமாடுறேன், சிஸ்டர்," என்றாள். "சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"சொல்லாம உங்க பிள்ளையை எப்படிங்க கையில வாங்குவேன்?"

டீச்சர் கவுனை மடித்து வைத்தாள். நாளைக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். செய்தது சரியா, ஒரு தாயின் நிம்மதியைக் கெடுத்த பாவமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை வந்தது, நடுத்தெருவில் வைத்து அழவும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் கடைசி பெஞ்சில், எழுந்து ஓடத் தோதாக ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆராதனை நடுவில் டீச்சர் பிள்ளையோடு முன்னால் போய் நின்றாள். நின்றவள் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்துக் கூப்பிட்டாள். அக்கா தட்டுத்தடுமாறிப் போனாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை அவள் கையில் வைத்தாள். பிள்ளை நல்ல கனம்.

போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, வாசகத்தின் தொடக்கத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"ஐயா, கேக்கல," என்றாள் டீச்சர்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலை குனிந்துகொண்டாள். அவர் நிமிர்ந்து, சபை முழுக்கக் கேட்கும்படி, "நீ இதற்கு முன் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை அள்ளக் கையை விட்டார்.

"ஆமென்," என்றாள் டீச்சர்.

சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல. தண்ணீரே இன்னும் விழவில்லை. பாவம், பதற்றத்தில் முந்திக்கொண்டாள் என்று முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். போதகரும் ஒரு நொடி நிறுத்தினார். அக்காவுக்கு மட்டும் புரிந்தது, அந்த ஆமென் 'பெறாதிருந்தால்' என்பதற்கு. நாலு மாதமாக அவள் வாய்விட்டுக் கேட்கக் கூசின அதே ஜெபம். கையிலிருக்கிற பிள்ளை இதுவரை ஞானஸ்நானம் பெறாதவளாகவே இருக்கட்டும், அப்போதுதான் அந்தச் சொட்டுகள் மற்றவளுக்குப் போயிருக்கும். நடந்து முடிந்ததற்கு இப்படிக் கேட்கலாமா, கேட்டால் நடக்குமா, இன்னமும் அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் தலையைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவளும் ஆமென் என்றாள்.