தண்ணீருக்கு வந்த மாரடைப்பு

விடிவதற்குள் எங்கள் கை விறைத்துவிடும். தொழிற்சாலைக் கூடத்தில் ஏசி எங்களுக்காக ஓடவில்லை, ஸ்ட்ரிப்புகளுக்காக ஓடுகிறது. ஒவ்வொன்றும் விரல் நீள ரத்தச் சோதனைப் பட்டை, நுனியில் தங்கப் புள்ளி. அதன்மேல் மருந்தைச் சொட்டுவிட்டு, கழுவி, உலர்த்தி அடுக்குவது எங்கள் வேலை. மாரடைப்பு வந்தவர் ரத்தத்தில் கசியும் புரதம் எள்ளில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் அந்தப் புள்ளி கண்டுபிடித்துவிடும். கருவியில் செருகினால் திரையில் கோடு எகிறும். அவ்வளவு ரோஷம் அதற்கு. வெறும் விரல் பட்டாலே கெட்டுப்போய்ப் பொய்க்கோடு காட்டும்.

முன்பு தட்டுக்குத் தட்டு கையுறை மாற்றினோம். புது முதலாளி வந்ததும் நாளுக்கு ஒரு ஜோடி என்றார். விடிந்த சற்று நேரத்திலேயே விரல்நுனி கிழிந்து தொங்கியது. கெட்ட ஸ்ட்ரிப்புகள் ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்பி வந்தன. அவர் எங்கள் கூலியைக் குறைத்தார்.

இன்று காலை நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஈரக்கைன்னு ஒருத்தி இருக்காளாமே, யாரு?"

என் அண்ணி எழுந்தார். எப்போதும் உள்ளங்கை வேர்ப்பதால் நாங்கள் கேலியாக வைத்த பெயர் அது. அண்ணன் படுத்த படுக்கையான பிறகு அண்ணி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

"உன் வேர்வையால என் பேரு நாறுது. நாளைலேர்ந்து வராத."

"கிளவுஸ் கிழிஞ்சிருக்கு சார்..."

"எல்லாருக்கும் அதே கிளவுஸ்தானே? அவங்க ஸ்ட்ரிப் கெடலையே?"

அண்ணி தலைத்தொப்பியைக் கழற்றினார். வாயைத் திறந்தால் அடுத்தது நான்தான் என்ற பயம் எனக்கு இருந்தது.

"எல்லாம் ஒரே பெட்டியிலதானே போகுது? கெட்டது யாருதுன்னு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

கிழிசல் வழியே தெரிந்த என் விரலை ஒரு தங்கப் புள்ளியில் அழுத்தினேன். சுத்தத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கருவியில் செருகினேன். கோடு எகிறியது.

"அடி ஆத்தி, தண்ணிக்கே மாரடைப்பு!" என்றார் அடுக்குகிற பெரியம்மா. கூடமே சிரித்தது. பெரியம்மாவும் வேறொரு ஸ்ட்ரிப்பில் விரலை வைத்தார். கோடு எகிறியது. கழுவுகிற அக்கா வைத்தார். பிறகு விரல் வைக்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"இதுல எது சார் ஈரக்கை?" என்று அக்கா கேட்டார்.

முதலாளி முகம் கறுத்தது. "மொத்தப் பேரையும் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. இந்தக் கிளவுஸோட யாரு செஞ்சாலும், நெஞ்சைப் பிடிச்சுட்டு ஓடி வர்றவங்களுக்கு இந்த ஸ்ட்ரிப் பொய் சொல்லும். நல்ல கிளவுஸ் வரட்டும், இவளும் இருக்கட்டும். அப்புறம்தான் எங்க கை அசையும்" என்றார் அக்கா.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனார். போலீசைக் கூப்பிடுகிறாரா, வேறு ஆட்களையா என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் தட்டுகளை மூடி வைத்து உட்கார்ந்தோம். அண்ணி மட்டும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே நின்றிருந்தார்.

பெரியம்மா பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வந்து உக்காருடி. இது சீக்கிரம் முடியற விவகாரம் இல்ல."

அண்ணி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.