ஈரத்துக்கு இரண்டு கிலோ

1

அந்த லாரியை மஞ்சூர் ரோட்டில் திருப்பிவிட்டது நான்தான். முதல் வரியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் வாசகர் என்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று பயந்து, வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நீலமலை முகடுகளில் மேகம் தவழ்ந்த ஒரு காலை..." (யார் எழுதினாலும் மேகம் தவழத்தான் செய்கிறது. விட்டுவிட்டேன்.)

"கொலம்பியப் பாடகி எஸ்த்ரெல்லா மொந்தால்வோவின் நாற்பத்தொரு நகர உலகச் சுற்றுப்பயணத்தில் இல்லாத நாற்பத்திரண்டாவது ஊரில்..." (கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அதை எழுதிய எனக்கே தெரியவில்லை.)

"விதி..." (இல்லை. விதி இல்லை, நான்.)

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். பாடகிக்கு பெங்களூரில் கச்சேரி முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கொச்சியில் அடுத்த கச்சேரி. பாடகி விமானத்தில் போய்விட்டாள். அவளுடைய மேடைச் சாமான் ஏற்றிய லாரி, சேலம் பக்கம் ஏதோ மறியல் என்று மைசூர் வழியாக ஊட்டிக்கு ஏறிவிட்டது. குன்னூர் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. டிரைவர் வேலுமணி, ஊட்டி சேரிங்கிராஸில் கடலை தின்றுகொண்டு நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சார், கோயமுத்தூருக்கு வேற வழி இருக்குங்களா?"

கோத்தகிரி என்று சொல்லியிருக்க வேண்டும். மஞ்சூர் என்று சொன்னேன்.

"லாரி போகுமுங்களா?"

"பஸ்ஸே போகுதுங்க" என்றேன். "நானும் அந்தப் பக்கந்தான். வந்து காட்டறேன்."

(இதை அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் போட நினைத்தேன். அன்று மஞ்சூர் பஸ் வரவில்லை. எனக்கு மஞ்சூர் போக வேண்டியிருந்தது. ஏன் என்பதை இரண்டாம் பகுதியில் சொல்கிறேன். அங்கேயும் முதலில் கொஞ்சம் பொய் சொல்வேன்.)

2

ஒரு மாணவியின் சான்றிதழைக் கொடுப்பதற்காக மஞ்சூர் போனேன்.

சரி. சான்றிதழ் தபாலில் எப்போதோ போய்விட்டது. ராஜகுமாரியைப் பார்க்கப் போனேன்.

ஊட்டியில் நான் ஒரு தட்டச்சுப் பயிற்சிக்கூடம் வைத்திருந்தேன். எட்டு இயந்திரங்கள், இரண்டு மாணவர்கள். பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல் போன அந்த வருடங்களில், மலையில் கையெழுத்தில் எழுதவே யாருக்கும் செய்தி இல்லை, தட்டச்சில் என்ன எழுதுவார்கள்? ராஜகுமாரி அதற்கு முன்பு என்னிடம் படித்தவள். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவள் பிறந்தது மஞ்சூரில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். ராஜகுமாரி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவள் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுகிறாள். இந்தப் பிரதியில் ஐந்தே முக்கால் அடிக்கு வந்துவிட்டாள்.

எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, கூலி பறித்த இலையின் எடைக்கு. இலை நிறுக்கிற கணக்கப்பிள்ளை வேலையை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால், அந்த இடத்தில் ராஜகுமாரியை வைத்திருந்தார்கள். இப்போது இன்னொரு பனியன் கம்பெனி, தட்டச்சு தெரியுமே என்று அவளையும் கூப்பிட்டிருந்தது. போகிறாயா என்று இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் ஒரே பதில்: "பார்க்கலாம் சார்."

மூன்றாவது தடவை நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பியபோதுதான் கொலம்பியா குறுக்கே வந்தது.

3

மஞ்சூருக்கு இரண்டு மைல் முன்னால், ஒரு வளைவில், லாரியின் பின்சக்கரம் சாக்கடையில் இறங்கியது. கலகலவென்று ஒரு தகரப் பெட்டி விழுந்தது. மழை தூற ஆரம்பித்தது.

"பஸ்ஸே போகுதுன்னீங்க?" என்றார் வேலுமணி.

"போகுதுங்க. பஸ் கொஞ்சம் சின்னது."

"ஏனுங்க, அத ஊட்டியிலயே சொல்றதுக்கென்னங்க?"

லாரியில் கூடவே வந்த கச்சேரிக் கம்பெனியின் ஆள் கீர்த்திவாசன் சென்னைக்காரர். அவர் செல்போனை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுற்றினார். அங்கே சிக்னல் கிடையாது என்று சொன்னேன். அதற்கு மேல் நான் சொல்வது எதையும் அவர் நம்புவதாக இல்லை.

எஸ்டேட் கங்காணி மூக்கன் வந்து சக்கரத்தைப் பார்த்தார். "சாமான எறக்காம தூக்க ஏலாதுங்கய்யா. மழையில வேற நனையும். இலை ஷெட்டுல கொண்டாந்து வைப்பம். நம்ம புள்ளைங்க இன்னிக்கு சும்மாதான் இருக்குது."

முப்பது பெண்கள் வந்தார்கள். வேலை இல்லாத நாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கூலி உண்டு என்றதும் சேலையை ஏற்றிச் செருகினார்கள். நூற்றாறு பெட்டிகள். தலைக்குச் சும்மாடு கூட்டி, கொழுந்து மூட்டையைத் தூக்குவதுபோல ஸ்பீக்கரைத் தூக்கி, வரிசையாக ஷெட்டை நோக்கி நடந்தார்கள்.

(இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். வரிசையில் முதலில் நடந்த கருப்பம்மாவின் தலையில் இருந்த பெட்டி நாற்பத்தொரு கிலோ. அதற்கு மேல் உவமையையும் ஏற்றுவது பாவம்.)

4

ஷெட்டில் கொக்கித் தராசுக்குப் பக்கத்தில் ராஜகுமாரி நின்றாள்.

"சார்? நீங்க எங்க இங்க?"

"லாரியோட வந்தேன்."

"லாரியில ஒங்களுக்கு என்னா வேல?"

"வழி சொல்ற வேலை."

அவள் சாக்கடையில் சாய்ந்து நின்ற லாரியை ஒரு முறை பார்த்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். தராசுக் கொக்கியைத் துடைக்கப் போனாள். திட்டியிருந்தால் வலி குறைந்திருக்கும்.

முதல் பெட்டியோடு வந்த கருப்பம்மா, வழக்கப்படி நேராகத் தராசுக்கு அடியில் போய் நின்றாள். "நிறை சொல்லு."

"பெரியம்மா, இது இலையில்ல."

"இலையோ இரும்போ, என் தலையில வந்துச்சில்ல? நிறை சொல்லாம எறக்க மாட்டேன்."

பின்னால் இருபத்தொன்பது தலைகள், இருபத்தொன்பது பெட்டிகள். ராஜகுமாரி மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கொக்கியில் மாட்டினாள்.

"கருப்பம்மா, நாப்பத்தொண்ணு. கழிச்சு முப்பத்தொம்பது."

கீர்த்திவாசன் திடுக்கிட்டார். "எதை மேடம் கழிச்சீங்க?"

"சாக்கு, ஈரம். மூட்டைக்கு ரெண்டு கிலோ. எஸ்டேட் ரூல்."

"சாக்கே இல்லையே! இது ஸ்பீக்கர்!"

"மழை பெய்யுதில்ல சார்?"

"ஸ்பீக்கர் தண்ணி குடிக்காதுங்க!"

"இலையுந்தான் அம்புட்டுத் தண்ணி குடிக்காது" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். ஷெட்டே சிரித்தது. ராஜகுமாரி மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவே சாக்கடையில் விழுந்த தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பாடகி மேடையில் கட்டிக்கொள்ளும் சிறகுகள், ஆளுயரத்துக்கு ரோஜா நிறத்தில், சொட்டச் சொட்ட. மூக்கன் அவற்றைக் கொண்டுபோய்ப் பாக்டரியில் இலை வாட்டும் தொட்டியில் பரப்பி, விசிறியைப் போடச் சொன்னார். அந்த வாரம் பாக்டரியில் ஓடிய ஒரே விசிறி அதுதான். (கொச்சியில் அவள் சிறகை விரித்தபோது முதல் வரிசைக்குத் தேயிலை வாசம் அடித்ததாம். இது நான் சேர்த்தது. நீக்க மனம் வரவில்லை.)

5

மூன்று மணிக்கு மழை விட்டது. சக்கரத்தைத் தூக்கிவிட்டார்கள். பெட்டிகளை மறுபடி ஏற்றும் முன் கீர்த்திவாசன் தன் கம்பெனிப் பட்டியலையும் ராஜகுமாரியின் புத்தகத்தையும் ஒப்பிட்டார். பிறகு அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"மேடம், இருநூத்திப் பன்னெண்டு கிலோ குறையுது."

"குறையல சார். கழிச்சிருக்கு."

"கொச்சியிலருந்து இதெல்லாம் துபாய்க்கு ஃப்ளைட்ல போகணும். எடை குறைஞ்சா நான் என்னன்னு சொல்வேன்? ஒரு ஆள் காணாமப் போனாக்கூட எழுபது கிலோதான். இங்க மூணு ஆளைக் காணோம்!"

"உங்க பட்டியல்ல சரியாத்தான இருக்கும்? அதையே வச்சிக்கங்க."

"அது இருக்கட்டும். நீங்க கழிச்சீங்களே, அந்த எடை எங்க போச்சு?"

அவர் வாய்தவறிக் கேட்ட கேள்வி. சென்னைக்காரர், ஷெட்டின் மரியாதை தெரியாதவர். ஆனால் முப்பது பெண்களும் தராசைச் சுற்றி நெருங்கினார்கள். மூக்கன் தன் குடைக்கம்பியை எண்ண ஆரம்பித்தார். ராஜகுமாரி புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினாள். கழிப்பது அவளுக்குத் தெரியும். கழித்தது எங்கே போகிறது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அதாவது, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டு இரண்டாகக் கழித்த இடங்களையெல்லாம் அடித்தாள். பிறகு முதல் பெயரிலிருந்து சத்தமாக வாசித்தாள்.

"கருப்பம்மா, நாப்பத்தொண்ணு."

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் கருப்பம்மா.

"நாப்பத்தொண்ணு."

"பாத்தியாடி? கொலம்பியாக்காரி பெட்டின்னா நிறை முழுசா நிக்குது!"

சிரிப்பு. ஆனால் அடுத்தடுத்த பெயர் வாசிக்க வாசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. முப்பது பேரும் தங்கள் பெயரையும் முழு எடையையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். வனிதா என்ற இளம்பெண் தன் பெயர் வந்ததும் "இருக்கேன்" என்றாள், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல.

லாரி ஊட்டிக்கே திரும்பிக் கோத்தகிரி வழியாகப் போனது. இந்த முறை வேலுமணி வழியை ஒரு போலீஸ்காரரிடம் கேட்டாராம். திருப்பூர் பற்றி நான் கேட்டேன். "பார்க்கலாம் சார்" என்றாள் ராஜகுமாரி, தராசைப் பார்த்துக்கொண்டே.

6

கதை இங்கே முட்டிக்கொண்டு நின்றது. மூன்று முடிவுகள் தட்டச்சு செய்தேன்.

அ) எஸ்த்ரெல்லாவே அம்பாசிடர் காரில் மஞ்சூர் வந்து இறங்குகிறாள். ராஜகுமாரியைக் கட்டிக்கொள்கிறாள். தேயிலை விலை ஏறுகிறது. (எப்படி என்று கேட்காதீர்கள். விலை இறங்கியபோதும் யாரும் எங்களிடம் காரணம் சொல்லவில்லை.)

ஆ) கீர்த்திவாசன் ராஜகுமாரியைச் சுற்றுப்பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார். அவள் கொக்கித் தராசோடு டோக்கியோ, லிமா, மாட்ரிட் என்று போகிறாள்.

இ) அவள் போகவில்லை. மஞ்சூரில் என் பயிற்சிக்கூடத்தின் கிளை திறக்கிறது. அதன் ஒரே ஆசிரியையை நான்... (இதை நான்கு பக்கம் அடித்தேன். என் வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் அடித்த நான்கு பக்கங்கள்.)

மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாக இருந்தேன். ஆனால் இதில் ஓர் ஆளின் உண்மையான பெயர் இருக்கிறது. அனுமதி கேட்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில், மஞ்சூர் போனேன்.

7

பஸ் நிலைய டீக்கடையில் உட்கார்ந்து அவள் முழுவதையும் படித்தாள். என் டீ ஆறிப்போனது.

"நான் இவ்வளவு ஒசரமா சார்?"

"குறைச்சிடறேன்."

"அந்தப் பாட்டுக்காரம்மா வரவே இல்லியே."

"கதைக்காக."

மறுபடி கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "மூணு முடிவுலயும் யாராவது எனக்கு ஏதாச்சும் பண்றாங்க. நான் எதுவுமே பண்ணலியே?"

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"லாரி போன மறுநாள் இலை நிறுத்தேன் சார். கருப்பம்மா பெரியம்மா மூட்டைய மாட்டுனாங்க. இருவத்தேழு. கழிச்சு இருவத்தஞ்சுன்னு சொல்லணும். வாய் வரல. முழுசாச் சொன்னேன். மூணு நாளும் சொன்னேன். நாலாவது நாள் ஆபீசுல கூப்புட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணு கழி, இல்ல வேலைய விடுன்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்தேன்."

காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடம் நீட்டினாள். தட்டச்சுக்காரியின் பழக்கம்.

"நீங்க அன்னிக்கு லாரியில என்னா கேக்க வந்தீங்க சார்? திருப்பூர் மட்டுமில்லியே?"

"இல்லை."

"அப்ப நேரா கேளுங்க."

கேட்டேன். (என்ன கேட்டேன் என்று எட்டு விதமாக எழுதி எட்டையும் கிழித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியும்.)

"புடிக்கும் சார்" என்றாள் ராஜகுமாரி. "ஆனா அதுக்காக இங்க இருக்க மாட்டேன். நாளைக்குக் காலையில திருப்பூர் போறேன்."