கண் மூடிய நாற்பது பறவைகள்

சனோபர் நெய்த கம்பளத்தின் மேல் ஹாஜி கஃபார் மூன்று மாதமும் ஒன்பது நாளும் தூங்கினார். பக்தியாரி மலையடியில் அந்த வருஷம் வாதுமை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதற்கு முந்தைய பதினோரு வருஷமும் சனோபர் சரியாகத் தூங்கியதில்லை. விடிந்தால் ரொட்டி, பிறகு ஆடுகள், பிறகு தறி. அறுத்து இறக்கும் கம்பளமெல்லாம் சுருண்டு ஹாஜியின் கடைக்குப் போகும். அவள் படுப்பதோ பழைய கம்பளித் துண்டில். இந்தத் தடவை நாற்பது கட்டத்தில் தோட்டம், கட்டத்துக்கு ஒரு பறவை. பறவையின் கண் என்பது ஒரே ஒரு வெள்ளை முடிச்சுதான். அதற்குக்கூடக் கை எழவில்லை. அவள் விட்ட கொட்டாவியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் நடுப்பகலிலேயே அடைந்தன. கண் வைக்காமலே நெய்து முடித்தாள்.

முற்றத்தில் விரித்துக் காட்டியதும் ஹாஜி கத்தினார். “என்னம்மா இது, அத்தனையும் குருடா? எண்ணிச் சொல்றேன், ஒண்ணு விடாம கண்ணு வை!” செருப்பைக் கழற்றி ஏறினார். ஏழாவது பறவையில் முழங்கால் மடிந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், அசையவில்லை. கத்தி எழுப்பட்டும் என்று கழுதையைக் கொண்டுவந்தார்கள். முன்னங்கால் கம்பளத்தில் பட்டதும் அதுவும் படுத்துவிட்டது. காலைப் பிடித்து இழுத்து மீட்டார்கள். நடுவில் கிடந்த ஹாஜி கைக்கு எட்டவில்லை. ஹாஜியின் தொப்பியில் சிட்டுக்குருவி இரண்டு ஈடு குஞ்சு பொரித்தது.

“அவரு பொண்டாட்டி வந்து கேட்டா என்னடி சொல்றது? ஊசிய எடு,” என்றான் கணவன் அலிமுராத்.

“எழுப்பாதக்கா, பாவம். நீயும் ஓரமாப் படு,” என்றாள் பக்கத்து வீட்டு ஷௌகத்.

படுக்கத்தான் ஆசை. ஆனால் கம்பளி ஹாஜி கொடுத்தது, கம்பளமும் அவருடையது. நாற்பது கண்ணும் திறந்தால் அதிலுள்ள தூக்கமெல்லாம் போய்விடும். தரையில் உட்கார்ந்து எட்டி, ஓரத்துப் பறவைக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். ஹாஜியின் வலது கண் திறந்தது. அடுத்த பறவைக்கு இன்னொன்று. இடது கண்ணும் திறந்தது.

“இன்னும் முப்பத்தெட்டு இருக்கு ஹாஜி. வைக்கட்டுமா?”

தொப்புள்வரை தொங்கிய தாடியைத் தடவிப் பார்த்தார். “கம்பளமும் வேணாம், கம்பளியும் வேணாம் தாயே! நீயே வெச்சுக்கோ!” வெறுங்காலோடு ஓடினார்.

சனோபர் அந்த இரண்டு முடிச்சையும் பிடுங்கி எறிந்தாள்.

“ரொட்டி?” என்றான் அலிமுராத்.

“மாவு பானையில இருக்கு,” என்று சொல்லிக் கம்பளத்தில் காலை நீட்டினாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. புத்தாண்டுக்கு வீடு கழுவும்போது நாலு பெண்கள் தரையில் நின்றபடியே, தூக்கம் கலையாமல் அவளைத் தூக்கி இறக்கி, கம்பளத்தைத் தடியால் அடித்துத் தூசி தட்டி, ஒரு பக்கமே தேயக்கூடாது என்று தலைமாடு மாற்றிப் படுக்க வைக்கிறார்கள்.