எட்டு நாற்பது மணிக் காற்று

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தவறி என் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலைக் கொடுக்க மாடிவீட்டுக்குப் போனேன். அங்கே ஃபிரிட்ஜ் கதவில் வட்டமான இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று வெள்ளை. மற்றது கரி பூசியது போல் கறுப்பு. குழந்தை வரைந்ததா என்று கேட்டேன்.

"இல்லைங்க. அது ஒரு நாள் காத்து," என்றாள் மாடிவீட்டுக்காரி.

காற்றின் தரத்தை அளக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கட்டடங்களின் உச்சியில் இருக்கும் கருவிகளில் வடிதாளை மாற்றுவாள். ஒரு நாள் முழுக்கக் காற்றை வடித்துத் தூசியைப் பிடித்த தாளை இடுக்கியால் எடுத்து வந்து நிறுப்பாள். வெறும் தாளின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அன்றைய தூசி.

2.

முதல் தொடக்கம்: "காற்றுக்கும் எடை உண்டு என்பதை அவள் அறிந்த அன்று வானம்

(வானம் என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. படித்துக் காட்டியபோது, "நாங்க நிறுக்கறது காத்த இல்லைங்க, அதுல மிதக்கற தூசிய," என்றாள். வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஊரின் நுரையீரல்

(இதைக் காட்டும் துணிவே வரவில்லை.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3.

ஒரு வாரம் அவளைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார்கள். உயரத்தில் இருக்கும் கருவி நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் எண்ணைச் சொல்லும். கீழே, பிள்ளைகளின் மூக்கு இருக்கும் உயரத்தில், நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கிறது என்று கைக்கருவியை வைத்துப் பார்க்க வேண்டும்.

காலை எட்டு இருபது வரை தூசியின் எண் முப்பதைச் சுற்றியே இருந்தது. எட்டு நாற்பதுக்கு நூற்றைம்பதைத் தொட்டது. ஒன்பதே காலுக்குப் பழையபடி இறங்கியது. ஐந்து நாளும் இதே கதை.

காரணம் கண்ணெதிரே நின்றது. எட்டரைக்கு ஏழு பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வரும். பிள்ளைகள் இறங்கிய பிறகும் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். வரிசையின் முதல் வண்டியை ஓட்டுபவர் அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர்.*

பள்ளி நர்ஸிடம் ஒரு நோட்டு இருந்தது. "முதல் பீரியட்லதான் மூச்சு வாங்குது, இன்ஹேலர் பம்பு வேணும்னு வருவாங்க," என்றார் நர்ஸ். அந்த மாதம் பதினொரு முறை பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒன்பது முறை, காலை ஒன்பதரை மணிக்கு முன்னால். (பதினொன்று ரொம்பச் சின்ன எண், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மாடிவீட்டுக்காரி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.)

* அத்தானை முதலில் முரடராக எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் எதிரி வேண்டும் என்கிற பழக்கதோஷம். மனிதர் முரடர் இல்லை. இவளை வேலைக்கான நேர்காணலுக்குத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே காத்திருந்தவர். இரண்டு பக்கத்தைக் கிழித்தேன்.

4.

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். அதற்கு முன் அவருக்குச் சொல்லிவிடுவதுதான் முறை என்று ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், ஸ்கூல் வாசல்ல வண்டிய ஏன் ஆஃப் பண்றதில்ல?"

"திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா? பழைய வண்டிம்மா. ஒரு தடவ நடுரோட்ல நின்னு மானம் போச்சு."

எட்டு நாற்பதில் மலைபோல் ஏறி இறங்கும் வரைபடத்தை அவள் போனில் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மலை நானா?"

"ஏழு வண்டியும் சேர்ந்துதான். முன்னால நிக்கறது நீங்க."

அவர் இருமினார். இரண்டு வருடமாக இருக்கும் இருமல். சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள்: "அதுல இவரு இருமலும் தெரியுதாடி?"

"அதெல்லாம் தெரியாதுக்கா."

"என் பேர எழுதப் போறியா?" என்றார் அத்தான்.

"பேரு கேக்க மாட்டாங்க. எத்தன வண்டி, எத்தன நிமிஷம், அவ்வளவுதான். ஆனா அத நான் குறைச்சு எழுத மாட்டேன் அத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு உள்ளே போனார். அவள் கிளம்பும்போதுகூட வெளியே வரவில்லை. இருந்தாலும் மறுநாள் எண்களை உள்ளபடியே அனுப்பினாள்.

அறிக்கைக்குப் பதில் வருவதற்குள், புதன்கிழமையே அத்தான் பள்ளியில் சொல்லித் தன் வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிவிட்டார். வியாழன் காலை வாசலில் இன்ஜினை அணைத்தார். பின்னால் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "அணைச்சுடுப்பா. ஸ்டார்ட் ஆகலன்னா நான் தள்றேன்," என்றார். இரண்டு வாரத்தில் ஆறு வண்டிகள் அணைந்தன. எட்டு நாற்பதின் எண் ஐம்பத்தைந்துக்கு வந்தது.

5.

முதல் முடிவு: அத்தானின் இருமல் நின்றுவிட்டது.

அவள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். "ஒருத்தர் இருமல வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. டாக்டர்கிட்ட போயிருக்காரு, பாப்போம்."

இரண்டாம் முடிவு: நர்ஸின் நோட்டு காலியாகவே

இதுவும் பொய். அடுத்த மாதமும் ஆறு முறை பிள்ளைகள் வந்தார்கள். குறைந்ததற்கு மழையும் காரணமாக இருக்கலாம்.

உண்மையில் நடந்தது இதுதான். இன்ஜின் அணைந்த பிறகு அத்தானுக்கு ஒரு குரல் கேட்டது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படியிறங்கும்போது, "போயிட்டு வரேன் அங்கிள்," என்றாள். இரண்டு வருடமாகத் தினமும் சொல்கிறாளாம். அன்றைக்கு அவரே மச்சினிக்குப் போன் செய்து சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் முறை.

ஏழாவது வண்டி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே நிற்கிறது. அத்தான் கேட்டதற்கு அதன் ஓட்டுநர், "பாக்கலாம்," என்றாராம். அந்தப் 'பாக்கலாம்' எதில் போய் முடியும் என்று என்னால் எழுத முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்கிறவர் ஒருவர் இருப்பார். நீங்களே சொல்லுங்கள்.