தாடையில் பித்தளைக் கோடு

பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய பெஞ்ச் வைஸ் எந்தக் கம்பெனியுடையது, எந்த வருடத்தது என்று கேட்டு எங்கெங்கிருந்தோ அண்ணனுக்குப் படம் அனுப்புவார்கள். இருபது வருடப் பழக்கம். "திருகைப் பார்த்தே ஜாதகம் சொல்லிடுவாரு" என்பார்கள்.

அப்பாவின் வைஸை மட்டும் பதின்மூன்று வருடமாக அவர் தொடவில்லை. அதன் தாடை உடைந்து தெறித்துத்தான் அப்பாவின் வலது கண் போனது. அன்று கூடுதல் பலத்துக்காகக் கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்கியவன் தம்பி. "கண்ணு மண்ணு தெரியாம முறுக்கினியேடா, பாவி!" என்று அண்ணன் கை நீட்டிவிட்டார். அந்த மாதமே தம்பி மனைவியோடு தனியாகப் போய்விட்டான். அப்பாவின் சாவுக்கு வந்தபோதுகூட வாசலோடு திரும்பினான்.

மூன்று மாதம் கழித்துப் பட்டறையை ஒழிக்கும்போது, சாக்குக்கு அடியில் கிடந்த வைஸை அண்ணன் மேசைமேல் ஏற்றினார். நகரும் தண்டை உருவி, அடியில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். மாதமும் வருடமும் தெரிந்தன. அந்தக் கம்பெனி பொறிப்பது உத்தரவாதம் முடியும் தேதி. உத்தரவாதம் ஐந்து வருடம்; அதைக் கழித்தால் செய்த வருடம். அண்ணன் பிறப்பதற்கும் இரண்டு வருடம் முந்தையது. அந்தக் காலத்தில் கம்பெனி அடித்தது சாம்பல் நிறம். இதில் இருந்ததோ பச்சை. வீட்டு கேட்டுக்கு அப்பா வாங்கிய அதே பச்சை.

சுரண்டினார். உடைந்த விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு. தாடை முன்பே ஒருமுறை விரிசல் விட்டு, பித்தளையை உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டு விட்ட இடத்தில்தான் பிளந்திருக்கிறது.

அண்ணன் தம்பிக்குப் போன் செய்தார்.

"வைஸ் ஏற்கெனவே ஒட்டினதுடா."

"தெரியும்ணா."

"எப்பத்திலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலயே அப்பா சொல்லி அழுதாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"ஏன்டா?"

"ஊருக்கெல்லாம் வைஸ் பார்த்துச் சொல்ற பிள்ளை, அப்பன் ஒட்டு வேலையைப் பெயின்ட் அடிச்சு மறைச்சான்னு நினைப்பானேன்னாரு." என்றான் தம்பி. "ஆனா என்னை அடிச்சது அவரில்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நேரில் போனார். தம்பி மனைவி கதவைத் திறந்து, "உள்ள இருக்காரு" என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுடா."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். "அப்பா இருக்கறப்பவே நாம மூணு பேரும் ஒரு தடவை சேர்ந்து உக்காந்திருக்கலாம்ணா" என்றான்.

அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.