மழை நாளில் ஏறிய கோடு

"சிவகாசிப் பக்கம் ஜனங்களுக்கு மாத்திரையில அக்கறையே இல்ல. அங்கே சேவையை நிறுத்திடலாம்" என்றார் மேலாளர் கனகசபாபதி. பெங்களூர் அலுவலகத்துத் திரையில் இருந்த வரைபடத்தில் எங்கள் ஊர்க் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குக் காலை ஒன்பதுக்கு மணி அடித்து மாத்திரையை நினைவூட்டும் செயலி எங்களுடையது. விழுங்கியவர்கள் 'போட்டாச்சு' பொத்தானை அமுக்க வேண்டும். யார் அமுக்குகிறார்கள், யார் விடுகிறார்கள், ஏன் என்று தரவுகளைத் துருவுவது என் வேலை. அக்கறை இல்லாதவர்கள் பட்டியலில் என் அம்மா தேவமணியும் இருந்தாள். திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மணி அடிக்காவிட்டால் மாத்திரையை அடியோடு மறந்துவிடுவாள்.

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் கூடாது சார். கேட்லயே வாங்கி வெச்சிருவாங்க."

"அது உங்க வீட்டுக் கதை, ஜாஸ்பின். தரவு எங்கே?"

சாயங்காலம் அம்மாவிடம் போனில் பொருமித் தள்ளினேன். அவள் சிரித்தாள்.

"நான் இன்னைக்குப் போட்டுட்டேன்ட்டி. இங்கன ஒரே மழை. மழைன்னா வெடிமருந்து வேலை கிடையாதுல்ல, வீட்லதான் இருக்கேன்."

அவ்வளவுதான். ஊரின் மழைக் கணக்கை எடுத்து, பொத்தான் கணக்கோடு சேர்த்துப் பார்த்தேன். மழை பெய்த நாளெல்லாம் சிவகாசியும் சாத்தூரும் பெங்களூரைவிட ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தன. கனகசபாபதியிடம் காட்டினேன். கண்ணுக்கு முன்னால் இருப்பதை மறுக்கிற ஆள் இல்லை அவர். பாதிப் பேருக்கு மட்டும் மணியை, வேலைக்குக் கிளம்புமுன் அடிக்கும்படி, ஏழுக்கு மாற்றிச் சோதித்தோம். அவர்கள் கோடு எழுந்து நின்றது. பிறகு எல்லோருக்கும் மாற்றினோம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, கம்பெனி வேன் வரும் இடத்துக்கு அம்மாவோடு நானும் போனேன். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஏழு மணிக்கு அங்கங்கே போன்கள் கூவின. ஒரே தண்ணீர் பாட்டில் கை மாறிக்கொண்டே போனது.

"எம் மக வெச்ச மணி" என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

பக்கத்தில் நின்ற பஞ்சம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா தாயி அது? தெனமும் ஏசிக்கிட்டேதான் போடுதேன். இப்ப பிரஷர் எம்புட்டோ கொறஞ்சிருக்குன்னு நர்சம்மா சொன்னாக."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

வேன் வந்துவிட்டது. அம்மா மாத்திரையை விழுங்கி, பொத்தானை அழுத்தமாக ஒரு அமுக்கு அமுக்கினாள். படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பெங்களூர்ல நம்ம கோடு ஏறுதான்னு பாருட்டி."