எலியே இல்லாத வீடு

"இன்னிக்கு நானும் உன்கூட வரேன். அந்த நரியப் பாக்கணும்" என்று மாமா சொன்னபோது சின்னவள் தேநீரை வாயருகே கொண்டு போயிருந்தாள். குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தாள். அக்கா போன பிறகு அவர் அவளிடம் பேசியதெல்லாம் கேஸ் தீர்ந்துபோச்சு, மோட்டாரை நிறுத்து என்ற அளவில்தான். நரி என்ற சொல்லை அந்த வீட்டில் இருவருமே தொடவில்லை. எதற்கு என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. "சரி மாமா" என்றாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசிப் பேசியே அவர்களை அமைதியாக்கிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். பெற்றோர் இல்லாத இரண்டு பெண்களில் பெரியவளை அவர் கல்யாணம் செய்துகொண்டபோது, தங்கச்சியும் கூட வருவாள் என்பதுதான் பெரியவள் போட்ட ஒரே நிபந்தனை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னாங்க, ஆசைப்பட்டு மாட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெரியவள் வீட்டிலேயே துணி தைப்பாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். கேட்டால், "தொழில்னா கையக் கடிக்கத்தான் செய்யும், உன்ன நரி கடிக்கலையா" என்பாள்.

சின்னவளுக்குக் காயம்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகத்தில் வேலை. சாலையில் தாய் அடிபட்டுச் செத்த இடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த நரிக்குட்டிக்குக் கண்கூடச் சரியாகத் திறந்திருக்கவில்லை. புட்டிப்பால் கொடுத்து, ஈரத்துணியால் வயிற்றை நீவிவிட்டு, அதைப் பிழைக்க வைத்தது அவள்தான். மாலையில் வீடு திரும்பியதும் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டுவாள். தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பெரியவள் பார்ப்பாள். குட்டி தன் வாலைத் தானே துரத்தி விழும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். "தினமும் நரி முகத்துல முழிக்கிறவ நீ. உனக்கென்ன குறைச்சல்?" என்பாள். ஒருமுறைகூட அவள் நேரில் பார்க்காத அந்தக் குட்டிக்கு வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு மெத்தைகூடத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

காப்பகத்தில் போடும் சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அங்கேயே துவைக்கும் இயந்திரம் இருந்தது. அது பழுதானபோது, இதோ ஆள் வருகிறார், அதோ சாமான் வருகிறது என்று நாள் தள்ளிக்கொண்டே போனார்கள். எல்லோரும் துணியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சின்னவளும் எடுத்துப் போனாள். நானே துவைத்துக்கொள்கிறேன் என்றுதான் வாளியில் ஊற வைப்பாள். குளித்துவிட்டு வருவதற்குள் பெரியவள் கல்லின் முன் உட்கார்ந்து கசக்க ஆரம்பித்திருப்பாள். "நரி மூத்திர நாத்தம் உனக்குப் பழகிப்போச்சு, எனக்குக் குடலப் பொரட்டுது. நகரு."

பெரியவளுக்கு முதலில் காய்ச்சல்தான் வந்தது. கெண்டைக்கால் சதை கிழிகிற மாதிரி வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க மிஷினை மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தார்கள். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். கண் சிவந்தது, பிறகு மஞ்சளித்தது. சிறுநீர் வருவது நின்றபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். "எங்க வீட்ல எலியே இல்லையே டாக்டர்" என்று மாமா கோபமாகச் சொன்னார். ஏதோ வீட்டின் சுத்தத்தைப் பழித்துவிட்டதைப் போல. எலியிடமிருந்து மட்டும்தான் வரும் என்றில்லை, சாக்கடைத் தண்ணீர், மாடு, நாய், வேறு ஏதாவது விலங்கின் சிறுநீர் என்று மருத்துவர் அடுக்கிக்கொண்டே போனார். கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும் என்றார்.

சின்னவள் எதையும் மறைக்காமல் வாளியையும் துணியையும் நரியையும் சொன்னாள். மாமா அப்போது பக்கத்தில்தான் நின்றார். அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. முன்பின் தெரியாதவர்களைக் கதவு இடுக்கு வழியாகத் தேற்றுகிறவர், அந்த நடைபாதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்து மாறியது. சிறுநீரகமும் ஈரலும் அதற்குள் கைவிட்டிருந்தன. வீட்டுக்கு அக்காவைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். காப்பகத்தில் நரியின் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது, காப்பகத்தின் பின்பக்கம், தனிமைக் கூண்டுகள் இருந்த முற்றத்தில் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. தரையில் மஞ்சள் கோடு ஒன்று. அதைத் தாண்ட ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். கால்நடை மருத்துவர் அங்கே காத்திருந்தார். சின்னவளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். மாமாவைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

கம்பி வலைக்குப் பின்னால் நரி எழுந்து நின்றது. சாவுக்குப் பிறகு சின்னவள் இந்தப் பக்கம் வரவேயில்லை. வேறு ஆள்தான் தீனி வைத்தார். ஆனால் அவள் காலடி அதற்குத் தெரிந்துவிட்டது. குட்டியாக இருந்தபோது பாலுக்கு முனகுவதைப் போல முனகியது. காதை மடக்கிக்கொண்டு வலையோரமாக இங்கும் அங்கும் ஓடியது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்படி ஒரு வெறுப்பு தனக்குள் கிடந்ததா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"இதுதானா? போன்ல பெருசாத் தெரிஞ்சுது" என்றார் மாமா.

குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "இதுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"இல்லைங்க" என்றார் மருத்துவர். "கிருமி அதோட சிறுநீரகத்துல குடியிருக்கும். அதுக்குச் சின்னக் காய்ச்சல்கூட வராம போகலாம். மத்தவங்களுக்குத்தான் ஆபத்து. இப்ப மருந்து குடுத்து முடிச்சாச்சு. திரும்பச் சோதிச்சதுல கிருமி இல்ல."

"அப்ப காட்டுல விட்டுருவீங்களா?"

"கையில வளந்தது, காட்டுல பிழைக்காது. இந்த மாதிரி நரிகள வச்சுக்குற பெரிய காப்பகம் ஒண்ணு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கு. வண்டிகூட வந்து நிக்குது." தயங்கினார். "ஆனா மேல இருக்கறவங்க, உங்க குடும்பத்துல ஆட்சேபணை இருந்தா ஊசி போட்டுரச் சொல்றாங்க. ஒரு உயிர் போயிருக்கு இல்லையா. அதான், நீங்க என்ன சொல்றீங்கன்னு..."

"போட்டுருங்க டாக்டர்" என்றாள் சின்னவள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் உடையவில்லை. "கொன்னுருங்க. நானே பிடிச்சுக்கறேன். என்கிட்ட அசையாம இருக்கும்."

மாமா, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். முழங்கையை முட்டியில் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். நரி முனகுவதை நிறுத்திவிட்டு வலையை மோந்தது.

"ஆஸ்பத்திரில ஒரு நாள் காலைல உங்கக்கா நல்லாப் பேசினா" என்றார் தரையைப் பார்த்தபடி. "நீ மருந்து வாங்கப் போயிருந்த. நான் இல்லாமப் போனா தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுச் சாப்பிடாம கெடப்பா, ரெண்டு போடு போட்டுச் சாப்பிட வைங்கன்னா. சரின்னேன்." நிறுத்தினார். "நான் வைக்கல. நீ சாப்பிடாம எந்திரிச்சுப் போறது எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யார் மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சும்மா. நீதான் கிட்ட இருந்த."

மருத்துவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா எழுந்து வலைக்கு எதிரே, கோட்டுக்கு இந்தப்புறம் நின்றார். "வாலத் தொரத்துமே, அத இப்பவும் செய்யுதா?"

"தெரியல மாமா."

"அனுப்பிருங்க டாக்டர்" என்றார். "எனக்கு ஆட்சேபணை இல்ல."

வண்டியில் ஏற்றும் பெட்டியைக் கூண்டு வாசலில் வைத்தார்கள். தீனி வைக்கிற ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். இறைச்சியைக் காட்டினார். நரி மூலையை விட்டு அசையவில்லை. மயக்க ஊசி போட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொன்னபோது சின்னவள் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கையுறையைப் போட்டுக்கொண்டு முகமூடியை இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் குந்தி உட்கார்ந்ததும் அது ஓடி வந்து காலடியில் மல்லாந்து படுத்தது. வெளிறிய வயிற்றைக் காட்டியபடி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அவளுக்குள் வெறுப்பு அப்படியேதான் இருந்தது. அதை ஒதுக்கி வைக்க அவளால் முடியவில்லை. ஆனால் கைகள் அவளைக் கேட்காமலே அதன் அடியில் நுழைந்து, பிடரியையும் இடுப்பையும் சரியாகத் தாங்கித் தூக்கின. நன்றாகக் கனத்தது. தடித்த ரப்பரையும் மீறி அதன் இதயம் அடித்துக்கொள்வது விரல்களில் தெரிந்தது. அது கழுத்தை நீட்டி அவள் மணிக்கட்டில் மோவாயை வைத்துக்கொண்டது. மெல்ல நடந்து வந்து பெட்டிக்குள் இறக்கிவிட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளிருந்து நகம் பிறாண்டும் சத்தம் மதில் திரும்பும் வரை கேட்டது.

முற்றத்தில் நின்றவளின் முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டியது. கண்ணிலிருந்து வழிந்தது கழுத்துவரை இறங்கியது. கையுறையோடு முகத்தைத் தொடக் கூடாது. அவள் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கழுவும் தொட்டிக்குப் போகவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். விரல் நுனியில் நரியின் மயிர் இரண்டொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா கோடு வரைக்கும் வந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கிரீஸ் கறை படிந்த மடிப்பைப் பார்த்து, அதை உள்பக்கமாகத் திருப்பி மடித்துக்கொண்டார்.

"கிட்ட வா" என்றார்.

அவள் கைகளை இரு பக்கமும் அகல நீட்டியபடியே நடந்துபோய், கோட்டுக்கு உள்ளே நின்று, முகத்தை மட்டும் அவர் பக்கமாக நீட்டினாள்.